நீலத் தாள்

திபிலிசியின் எலியாவா சந்தையில்
சக்கரங்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன.
ஜெர்மன் பனியில் உப்பு தின்றவை,
ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தவை,
விளிம்பு நசுங்கியபின் புதுச்சாயம் பூசிக்கொண்டு
கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் நிற்பவை.

மல்காஸ் ஏறிட்டுப் பார்த்தான்.
"பிரியஸ்தானே? இது உட்காரும்."
அதற்குப் பக்கத்திலிருந்ததும் உட்காருமாம்.
அவன் கடையில் உட்காராதது
அவன் ஒருவன்தான்.

என் கைப்பையில் வெர்னியர் இருந்தது.
பல் செய்யும் கூடத்திலிருந்து எடுத்து வந்தேன்.
எட்டு மணிநேரம் பிறர் வாய்க்குப் பல் வார்ப்பவள் நான்.
ஒரு மயிரிழை உயர்ந்தாலும் நாக்கு காட்டிக்கொடுக்கும்,
பத்து நிமிடத்தில் திரும்பி வருவார்கள்.
காருக்கு நாக்கு இல்லை.
தொண்ணூறில் போகும்போது ஸ்டியரிங் நடுங்கும்,
அது சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது மாட்டியிருப்பது கோச்சா வாங்கியது.
பதினெட்டு அங்குலம், கன்னங்கரேல்.
ஏதோ இத்தாலிய வண்டியில் பிறந்தது:
ஐந்து துளைகளின் வட்டம் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர்.
என் வண்டிக்கு நூறு.
"ரெண்டு மில்லிதானே, மாக்வாலா."
ஐந்து நட்டும் சாய்ந்து கடித்துக்கொண்டு நின்றன.
வாரம் தவறாமல் இறுக்கினோம்.
வேரே மேட்டில் இடப்பக்கம் ஒடித்தால்
டயர் உள்ளே எதையோ பிறாண்டும்.
பிறகு வீடு அவனுக்கு, கார் எனக்கு என்று
வக்கீல் ஒரு தாளில் எழுதினார்.

(சிஸானா சிரித்தாள்: "பொருந்தாத சக்கரம்! புரிகிறது, புரிகிறது."
ஒன்றும் புரியவில்லை உனக்கு.
நான் சக்கரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.)

மூன்றாவது அடுக்கின் அடியில் நான்கு சாம்பல் நிறச் சுபாரு.
பதினாறு அங்குலம். வட்டம் நூறு, அளந்தேன், நூறுதான்.
நடுத்துளை மட்டும் ஐம்பத்தாறு;
என் வண்டியின் குடமோ ஐம்பத்து நான்கு.
அந்த இடைவெளிக்கு ஒரு அலுமினிய வளையம்,
சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் கனம்.
மல்காஸ் அதை இலவசமாகத் தந்தான்,
அற்பப் பொருள் என்று நினைத்து.

பழைய ரசீதின் பின்னால் கணக்கு:
கம்பெனிச் சக்கரத்தைவிட வெளியே மூன்று மில்லி தள்ளும்,
உள்ளே ஒன்பது நெருங்கும்.
டயர் இருநூற்றைந்து, ஐம்பத்தைந்து.
மொத்த உயரம் மூன்று மில்லிகூடக் குறையாது,
ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.
சுமை எண் தொண்ணூற்றொன்று, பழையபடியே.
அகல டயர் அழகு என்றான். அழகுதான்.
வேண்டாம் என்றேன்.

மாட்டியதும் உள்வளைவில்
கடி பார்க்கும் நீலத் தாளை ஒட்டினேன்.
பின்சீட்டில் சிஸானாவும் இரண்டு சிமெண்ட் மூட்டையும்.
இடம் ஒடித்து, வலம் ஒடித்து,
தீகோமி வேகத்தடைகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினோம்.
"என்னையும் மூட்டையோடு சேர்த்துவிட்டாய்"
என்று அவள் திட்டிக்கொண்டே வந்தாள்.

மூன்று சக்கரம் சுத்தம்.
முன் இடது டயரின் தோளில்
மிளகளவு நீலம்.

மண்தடுப்பின் முனை.
பல் தேய்க்கும் சின்ன மோட்டாரை நீட்டுக் கம்பியில் இழுத்து வந்து
குளிரில் மண்டியிட்டுத் தேய்த்தேன்.
எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று பார்த்தார்,
நாயும் பார்த்தது.
மறுபடி தாள். மறுபடி வேகத்தடை.
வெறும் தாள்.

ஞாயிறன்று கோரி சாலையில் தொண்ணூறு,
அப்புறம் நூறு.
ஸ்டியரிங்கில் இரண்டு விரல் மட்டும்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பது இவ்வளவு நேரம் நீடிக்குமா என்று
காதைத் தீட்டியபடியே ஓட்டினேன்.
நூறு கிலோமீட்டர் முடிந்ததும் ஓரம் கட்டி
நட்டுகளை மறுபடி சோதித்தேன்.
இருபதில் ஒன்று கால் சுற்று ஏறியது.
அதையும் குறித்துக்கொண்டேன்.

கறுப்புப் பதினெட்டை மல்காஸ் வாங்கிக்கொண்டான்,
யாருக்காவது உட்காருமாம்.
காசை எண்ணி முடிக்கும்வரை அவன் கவனிக்கவில்லை:
நான்கின் உட்புறத்திலும்
வெள்ளைப் பெயிண்டால், உள்ளங்கை அகலத்துக்கு
எழுதியிருந்தேன்,
98.